தாளம் தப்பிய எட்டு சிலிண்டர்

அமெரிக்காவில் பேர்போன பழைய மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேக வண்டி ஒன்று இனி மின்சாரத்தில் ஓடப்போகிறது. மின்சார வண்டி சத்தம் போடாது. அந்தக் காரை வாங்குகிறவர்களோ சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள். அதனால் பழைய எட்டு சிலிண்டர் எஞ்சினின் உறுமலைக் கம்ப்யூட்டரில் செய்து ஸ்பீக்கர் வழியாக விட வேண்டும். அந்த வேலை மைசூரில் எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஆபீசில் எனக்கு வந்தது. நான் ஸ்கூட்டரில் நாற்பதைத் தொட்டாலே ஹெல்மெட்டுக்குள் பெருமாளைக் கூப்பிடுகிற ஆள்.

இரண்டு தடவை செய்து அனுப்பினேன். அமெரிக்க மேலதிகாரி இரண்டையும் திருப்பிவிட்டார். ரொம்ப ஒழுங்காக இருக்கிறதாம், மிக்ஸி ஓடுகிற மாதிரி. வண்டி நிற்கும்போது எஞ்சின் தடுமாற வேண்டும், ஆனால் அணைந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியோடு கச்சேரிக்குப் போனேன். பாதிப் பாட்டில் அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"தாளம் போடாதீங்கோ. மிருதங்கக்காரர் உங்களையே பார்க்கறார்."

பொறி தட்டியது. வீட்டுக்கு வந்ததும் மேஜைமேல் ஆதி தாளம் போட்டுப் பதிவு செய்தேன். சத்தியமாகச் சரியாகத்தான் போட்டேன். ஒரு தட்டு முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்று வரவே இல்லை. அதே இடைவெளிகளில் எட்டு சிலிண்டரையும் வெடிக்கவிட்டேன்.

மறுநாள் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, என் சின்னக் காரின் டிக்கியில் வைத்தேன். விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலிலேயே சத்தத்தை ஓடவிட்டு, போனில் பதிவு செய்தேன். ஜன்னல்கள் அதிர்ந்தன. எதிர்வீட்டு ரிட்டையர்டு மாமா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"ஏன் ஸ்வாமி, சைலன்சர் கழண்டு விழுந்துடுத்தா? ஸ்வல்ப எஞ்சினை அணையும். நஞ்சன்கூடு ரோட்ல நல்ல மெக்கானிக் இருக்கான்."

எஞ்சின் அணைந்துதான் இருந்தது. மாமாவைக் கட்டிக்கொண்டேன். அவர் பயந்துபோய், வெயில் தலைக்கேறிவிட்டது, மோர் குடியும் என்றார்.

வெள்ளிக்கிழமை வீடியோ மீட்டிங்கில் வெறும் உறுமலைப் போடவில்லை. மாமா ஓடி வந்து கேட்டதோடு சேர்த்தே போட்டேன். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று மேலதிகாரி கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். வேலை வேறு ஊருக்கு மூட்டை கட்டியாயிற்று என்று நினைத்தேன்.

"எங்கப்பா அந்த வண்டியை வாங்கி வந்த அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் இப்படித்தான் வந்தார்" என்றார் அவர். "ஒரு தட்டுகூட மாற்றாதீர்கள்."

ஆனந்தத்தில் எழுந்து வெளியே ஓடினேன். கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மூக்கு இன்னும் வீங்கியிருக்கிறது. இருக்கட்டும்.