தொடையில் ஒரு ஹைட்ரோ டெஸ்ட்

என் தொடை ரத்தக்குழாயில் போட்ட ஓட்டையை ஓர் அடைப்பான் ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்க்கப்போய் அதை நானே கெடுத்தேன். படித்தவன், ஐம்பதைக் கடந்தவன், தலையில் அடி எதுவும் பட்டதில்லை. பின்னால் யாரும் எனக்காகச் சமாதானம் தேடி அலைய வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்யும் ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவு என் பொறுப்பு. வால்வை மூடி, உள்ளே தண்ணீர் ஏற்றி, அது பிற்பாடு தாங்கவேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்து, மூட்டுகளில் டிஷ்யூ தாளை ஒற்றி எடுப்போம். தாள் நனையவில்லை என்றால் வால்வு பாஸ். இதற்குப் பெயர் ஹைட்ரோ டெஸ்ட். பல வருடம் இதையே செய்தவனுக்கு, மூடியிருக்கும் எதைப் பார்த்தாலும் இது ஒழுகும் என்றுதான் தோன்றும். வீட்டுக் குக்கரைக்கூட நான் முழுதாக நம்பியது கிடையாது.

மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்ததால் ஆஞ்சியோ செய்யச் சொன்னார்கள். திருவள்ளூரில் ஒரு தனியார் மருத்துவமனை. மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்துவதுதான் வழக்கமாம். என் கை ரத்தக்குழாய் கோணல்மாணலாகப் போவதால் தொடைதான் வழி என்றார் டாக்டர். என்னைப் பற்றி அவர் அதற்குமேல் ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

தொடையில் போடும் ஓட்டையை மூட இரண்டு வழி உண்டு. ஒன்று, கையால் நெடுநேரம் அழுத்திப் பிடித்து, மேலே மணல் மூட்டை வைத்து, மறுநாள் காலை வரை மல்லாந்து கிடப்பது. இன்னொன்று இந்த அடைப்பான். ரத்தக்குழாய்க்கு உள்ளே ஒரு குட்டி நங்கூரம், வெளியே பஞ்சுபோல ஒரு தக்கை, இரண்டையும் இழுத்துப் பிடிக்க ஒரு நூல். சில மாதங்களில் எல்லாமே உடம்போடு கரைந்துவிடும். அன்று சாயங்காலமே எழுந்து நடக்கலாம்.

நான் நடந்தாக வேண்டும். மறுநாள் காலை ஆலைக்கு வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வருகிறார். பெரிய வால்வு ஒன்றை அவர் கண்ணெதிரே சோதித்துக் காட்ட வேண்டும். ஆஞ்சியோ தேதியைத் தள்ளிவைக்க டாக்டர் மறுத்துவிட்டார். நான் இல்லாமல் அந்தச் சோதனை நடக்காது, நடந்தாலும் உருப்படாது, ஆர்டர் கைவிட்டுப் போகும் என்பது என் கருத்து. என் பிரிவில் எல்லாவற்றையும் சரிபார்க்கும் நான் இந்தக் கருத்தை மட்டும் யாரையும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

அடைப்பானின் பெருமை பேச அதன் கம்பெனிக்காரர் வந்தார். திருவள்ளூர் வெயிலில் டை கட்டியவர். அவர் நீட்டிய வழவழப்பான தாளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடற்கரையில் கைகோத்து நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தொடையில் யாரும் ஓட்டை போட்டதாகத் தெரியவில்லை.

“எந்த அழுத்தத்துக்கு டெஸ்ட் பண்ணியிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“இது வேர்ல்ட் கிளாஸ் சார்.”

“எத்தனை மடங்கு?”

“நம்பர் ஒன் சார்.”

என் ஆலையில் இப்படிப் பதில் சொல்பவனை வாசலோடு அனுப்பிவிடுவேன். இங்கே அவர் சொன்ன சாமானை உடம்புக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆஞ்சியோ நல்லபடியாக முடிந்தது. பெரிய அடைப்பு இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். வார்டுக்குத் தள்ளிவந்தார்கள். அங்கிருந்த ஆண் செவிலியர் ஊத்துக்கோட்டைக்காரர், வாட்டசாட்டமான இளைஞர்.

“சார், காலை மடக்காத. தலைய தூக்காத. இருமல் வந்தா, கட்டு மேல கைய வெச்சி நல்லா அழுத்திக்கினு இருமு. இன்னா, புரிஞ்சிதா?”

நன்றாகப் புரிந்தது. இருமினால் உள்ளே அழுத்தம் ஏறும். அவர் எச்சரிக்கையாகச் சொன்னதை நான் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டேன்.

மனைவி டீ வாங்கக் கீழே போனாள். நாளைக் காலை வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பம்பட்டில் கம்பெனி பஸ் ஏறி, ரெட்ஹில்ஸ் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது இந்தத் தக்கை பிடுங்கிக்கொண்டால் என்ன ஆவது? சோதிக்காத சாமானை நான் வெளியே அனுப்பியதே இல்லை. கட்டின்மேல் ஒரு டிஷ்யூ தாளை வைத்தேன். இருமினேன். தாள் நனையவில்லை. ஆனால் படுத்தபடி இருமுவது சாதாரண அழுத்தம்தானே? ஒன்றரை மடங்கு வேண்டாமா? எழுந்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, அடிவயிற்றிலிருந்து இருமினேன்.

தாள் நனைந்தது. தாளோடு நிற்கவும் இல்லை. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம்போல ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. சோதனை முறை சரிதான் என்று மனதின் ஒரு மூலை திருப்திப்பட்டதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்ற மூலைகளெல்லாம் அலறிக்கொண்டிருந்தன.

டீயோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். “ஐயோ, இன்னாங்க இது? பெட்ஷீட்டெல்லாம் ரத்தமா கீது! பிரதர்! ஓடியாங்க!”

செவிலியர் ஓடிவந்து என்னை ஒரே தள்ளாகப் படுக்கவைத்து, இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றித் தன் எடை மொத்தத்தையும் இறக்கினார். உலகத்தரம், முதலிடம், கடற்கரை எல்லாம் போய், கடைசியில் ஊத்துக்கோட்டைக் கைதான். அழுத்திக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“எப்டி சார் ஆச்சி? தும்மினியா?”

“டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்.”

“இன்னாது?”

“ஒழுகுதான்னு பார்த்தேன்.”

அவர் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “எக்கா, ஊட்லயும் இப்டித்தானா?”

“கேஸ் சிலிண்டர் வந்தா சோப்புத் தண்ணி ஊத்தி அரை நாள் பாப்பாரு தம்பி. அது வெடிக்காம கீறதே ஆண்டவன் புண்ணியம்” என்றாள். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் வந்து பாதத்தில் நாடி பார்த்தார். கால் தப்பித்தது என்றார். மணல் மூட்டை வந்தது. காலை வரை மல்லாந்து கிடக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எதைத் தவிர்க்க அடைப்பான் கேட்டேனோ அது அடைப்பானோடு சேர்ந்தே கிடைத்தது. சாகசத்தின் காரணத்தைக் கேட்ட டாக்டர் என் கேஸ் தாளில் ஏதோ எழுதினார். எழுதும்போது அவர் உதடு துடித்தது அனுதாபத்தால் அல்ல.

மல்லாந்தபடியே என் பிரிவு ஃபோர்மேனுக்குப் போன் போட்டு, இன்ஸ்பெக்டரை வேறு நாள் வரச் சொல்லுங்கள் என்றேன்.

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். நீங்க படுத்துனு இருங்க.”

நான் இல்லாமலே சோதனையை நடத்தப்போகிறார்கள்; அவர் குரலில் இருந்த நிம்மதியை விவரம் தெரியாத துணிச்சல் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் கூரையைப் பார்த்தபடி வால்வு பீறிடுவதையும், இன்ஸ்பெக்டர் சட்டை நனைவதையும், ஆர்டர் ரத்தாவதையும் கற்பனை செய்துகொண்டிருந்தேன். மணல் மூட்டையை எடுத்ததும் முதல் வேலையாகப் போன் போட்டேன்.

“என்ன ஆச்சு? ஒழுகிச்சா?”

“பாஸு சார். டீ பிரேக்குக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சி” என்றார் ஃபோர்மேன். “இன்ஸ்பெக்டரே கேட்டாரு சார், எப்பவும் இங்க வந்தா சாயங்காலம் ஆயிடுமே, இன்னிக்கி யாரு லீவுன்னு.”