நெஞ்சோடு மடிந்த கை

எண்பதுகளின் கடைசியில், சுவிஸின் பாசல் நகர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மொழிபெயர்க்கப் போனபோது அவரைச் சந்தித்தேன். இலங்கையில் ஷெல் பட்டுக் கால் நொண்டும், நரைத்த தாடிக்காரர். அவர் நடந்ததை அடிக்கு அடி எடுத்த படங்களை டொக்டர் மேசையில் வரிசையாகப் பரப்பினார். மனித நடையை இப்படி முதன்முதலில் எடுத்த பழங்காலப் படங்கள் சுவரில் இருந்தன. அவற்றில் நடந்தவன் இரு கைகளையும் வீசி நடந்தான். இவருடைய இடக்கையோ எல்லாப் படத்திலும் நெஞ்சோடு மடிந்திருந்தது.

“கையிலையும் காயமோ எண்டு டொக்டர் கேக்கிறார், அண்ணை.”

“இல்லைத் தம்பி. ஷெல்லடிக்குள்ளை மகளை அந்தக் கையிலைதான் தூக்கிக்கொண்டு ஓடினனான். கீழை இறக்கேக்கை பிள்ளைக்கு உயிர் இல்லை.”

நான் ஜெர்மனில் சொன்னேன். டொக்டர் படங்களைக் கவிழ்த்து வைத்தார்.

தாடிக்காரர் பதறி எழுந்தார். “படம் பிழைச்சிட்டுதோ? கையைத் தொங்கவிட்டு இன்னொருக்கா நடக்கிறன்.”

நடந்தார். பாதித் தூரத்தில் கை மெல்ல மடிந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.