எதிர்த்த இடத்துப் பொம்பளை கிளப்

என் கடைக்கு எதிரே பெண்களெல்லாம் கூட்டுச் சேர்ந்து இட்லிக்கடை போடப் போகிறார்கள் என்று நான் நம்பினேன்.

காரணம் ஒரே ஒரு சொல். எழுபதுகளின் கடைசியில் பள்ளிபாளையத்தில் கிளப் என்றால் டிபன் கிடைக்கும் இடம். நான் நடத்தியதும் அதுதான். பலகையில் 'சிற்றுண்டி நிலையம்' என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர் யாருமில்லை. "கிளப்புக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தறிக்காரர்கள் வருவார்கள்.

அப்படி வந்த ஒருவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, சேதி தெரியுங்களா? ஆசுபத்திரி சிஸ்டரம்மா பொம்பளைங்க கிளப்பு ஆரம்பிக்கறாங்களாமா. தறிக்குப் போற புள்ளைங்கதான் ஆளுங்களாமா. உங்குளுக்கு எதுத்தாப்பல கெடக்குதே காலியெடம், அங்கதானுங்க."

சிஸ்டரம்மா ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரி. ஆற்றோரத்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சை எங்களிடமே கற்று, எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவார். பெரிய இடத்துப் போட்டி. இருந்தாலும் நான் பதறவில்லை. ஒரு சட்னியை இரண்டாக்கினேன். சாம்பாரில் முருங்கைக்காயைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டேன். வாசலில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்து "வாங்க சாமி" என்று சிரித்தேன். பதறுகிறவன் இப்படியா இருப்பான்? வாடிக்கைக்காரர் ஒருவர் மட்டும், "ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று விசாரித்தார்.

மாஸ்டரிடம் யோசனை கேட்டேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அவர் சொன்னார்: "பொம்பளைங்க கைப்பக்குவத்துக்கு முன்னால நாம நிக்க முடியாதுங்க மொதலாளி. அங்க மாஸ்டர் வேல இருக்குதான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டுங்களா?"

வீட்டில் சொன்னேன். மனைவி யோசிக்கவே இல்லை. "இங்க சும்மா ஆக்கிப் போடறேன், அங்க சம்பளம் தருவாங்கல்ல? எனக்கும் ஒரு எடம் சொல்லி வையுங்க."

கடைசியில் நானே சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஏனுங்க சிஸ்டர், கிளப்பு ஆரம்பிக்கறீங்களாமா?"

"ஆமாங்க!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பதினோரு பொண்ணுங்க சேந்தாச்சுங்க."

என்னிடம் மாஸ்டரோடு சேர்த்து மூன்று பேர்.

"நடுவுல மாத்தி விடறதுக்கு இன்னும் நாலு பேரு வேணுமுங்க" என்றார்.

ஷிப்டு வேறா! "யாரு யாருக்கு என்ன வேலைங்க?"

"முன்னால மூணு பேரு, நடுவுல மூணு பேரு, பின்னால நாலு பேரு."

பின்னால் அடுப்படி, நடுவில் பரிமாறல், முன்னால் கல்லா என்று நான் மனதுக்குள் பிரித்துக்கொண்டேன். கல்லாவுக்கு எதற்கு மூன்று பேர்? அவ்வளவு வியாபாரமா?

"எங்க ஊர்ல என் தங்கச்சியும் இப்புடி ஒரு கிளப்புலதானுங்க இருக்கறா" என்று அவர் தொடர்ந்தார். "ஆரம்பத்துல ஊரே சிரிச்சுது. இது பொம்பளைங்க செய்யற வேலையான்னு சர்ச்சு சாமியாரு திட்டினாரு. ஆம்பளைங்க சங்கம் எடமே குடுக்கல. வயக்காட்டுல ஆரம்பிச்சாங்க. இப்ப பக்கத்து ஊருக்கெல்லாம் போறாங்க."

சமையல் பொம்பளை வேலை இல்லையென்று சொல்கிற ஒரு தேசம்! என் மாஸ்டருக்கு ஏற்ற ஊர் என்று நினைத்தேன்.

"பத்து பேருதானுங்களே சொன்னீங்க. பதினோராவது?"

"அவ வாசல்ல நிப்பாளுங்க. உள்ள ஒண்ணையும் வுட மாட்டா."

இங்கேதான் என் கணக்கு உதைத்தது. "உள்ள வுடாட்டி யாவாரம் எப்புடிங்க நடக்கும்?"

"எது வந்தாலும் எட்டிப் புடிச்சுருவா. பந்து உள்ள போகக்கூடாதுங்களே."

"பந்தியா?"

"பந்துங்க!"

சிஸ்டரம்மா மேசைக்கு அடியிலிருந்து ஒரு கால்பந்தை எடுத்து என் மடியில் வைத்தார். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். வேகவைக்கிற பொருள் இல்லை.

அன்று மாலையே சாம்பாரிலிருந்து முருங்கைக்காய் மறைந்தது. ஒரு சட்னி போதும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். எதிரேயிருந்த காலியிடத்தில் வேலிக்காத்தானை வெட்டிச் சுத்தம் செய்தபோது, போட்டி இல்லை என்கிற தைரியத்தில், பெண்களுக்கு மோர்கூடக் கொடுத்தனுப்பினேன். "என்ன அண்ணா, திடீர்னு தர்மம்?" என்று ஒருத்தி கேட்டாள். வாசலில் நிற்கப்போகிறவள் அவள்தான். பகலெல்லாம் தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவைப் பார்த்த கண். எதையும் தப்ப விட மாட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வடைக்கு நல்ல நேரம். சேலத்திலிருந்து கல்லூரிப் பெண்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக டம்ளரோடு எழுந்து ரோட்டைத் தாண்டினார்கள். டம்ளரை வாங்கி வருகிறேன் என்று போன பரிமாறுகிற ஆள் திரும்பவில்லை. என் மனைவி கோட்டோரம் நின்று, "ஒதைடி சாமி, ஒதை!" என்று கத்துவது ஈரோட்டுப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். மாஸ்டர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருக்குங்க வடை சுடறது? உங்குளுக்கா, எனக்கா?"

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் போனோம். எங்கள் கிளப் மூன்று கோல் வாங்கித் தோற்றது. சிஸ்டரம்மாவுக்கு மாற்றல் வரும்வரை அந்தப் பெண்கள் ஆடினார்கள். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் கடை மூடித்தான் கிடந்தது.