வெந்த கையும் பால்குடமும்

என் மனைவியின் தம்பி, மலை மேலிருக்கும் ஒரு வானாய்வுக்கூடத்தில் காவலுக்கு இருந்தவன். கான்ட்ராக்ட் வேலை. சூரியனைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி அங்கே உண்டு. அதை அவன் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. கேட்டைத் திறப்பதும் மூடுவதும்தான் அவன் பாடு. மாசிக் கடைசியில் ஒருநாள் காலை எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பூட்டிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கூப்பிடும்போது வந்தால் போதும் என்றாராம் கான்ட்ராக்டர். ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு, ஏதாவது வேலை கிடைக்குமா என்று நெய்வேலிக்கு, எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான்.

அவன் வந்து இறங்கும் முன்பே கூடத்தைப் பூட்டிய செய்தி எங்கள் பிளாக் வாட்ஸப் குழுவில் இறங்கிவிட்டது. சூரியனில் ஏதோ வெடித்துவிட்டது, பங்குனி உத்திரத்தன்று கதிர் வரும், மறைக்கிறார்கள் என்று ஒருவர். வேற்றுக்கிரகத்திலிருந்து சத்தம் கேட்டதாம் என்று இன்னொருவர். கூடவே பூட்டிய கேட் ஒன்றின் வீடியோ. அதைப் பார்த்த மச்சான், "இது எங்க கேட்டே இல்லயே மாமா" என்றான். நான் அதை அப்படியே குழுவில் எழுதினேன். உள்ளே இருந்தவர்களை அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள் என்று பதில் வந்தது.

விசாரிக்க வீட்டுக்கே வந்தார்கள். தெரியாது என்று அவன் உள்ளதைச் சொன்னான். பயந்துபோய் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். வேலை என்ன ஆகும், பிள்ளைக்கு என்ன செய்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவன் சும்மா உட்காரவில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்குக் கூலிக்குப் போனான். பழக்கமில்லாத கை. கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு, விரலெல்லாம் வெந்து கறுத்துத் தோல் உரிந்தது. கேட் திறக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு, எங்கள் பிளாக் கோயிலில் காப்புக் கட்டினான். பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். காப்புக் கட்டியபின் நேர்ந்ததை முடிக்காமல் அவிழ்க்கக் கூடாது.

எங்கள் பிளாக்கின் பால்குடங்கள் ஒரே வரிசையாக ஊர்ப் பெரிய முருகன் கோயிலுக்குப் போகும். அங்கே எல்லார் பாலையும் ஒரே அண்டாவில் ஊற்றித்தான் அபிஷேகத்துக்கு உள்ளே கொண்டுபோவார்கள். இன்னார் பால் என்ற பேச்சு அதற்குப் பிறகு இல்லை.

உத்திரத்துக்கு முன் கோயில் குழாயில் அவன் கை கழுவும்போது யாரோ படம் எடுத்துவிட்டார்கள். கதிர் பட்ட கை என்று அது ஊரெல்லாம் சுற்றியது. மைன்ஸில் இருந்து ரிட்டயரான விழாக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தம்பி தனியா போய் ஊத்திக்கட்டும். எல்லார் பாலும் சேருற அண்டா பாருங்க."

"முந்திரி எண்ணெய்ங்க அது. காடாம்புலியூர் பக்கம் போனீங்கன்னா பாதி ஊருக்கு இந்தக் கைதாங்க."

"இருக்கலாம். ஆனா படம் எல்லாருக்கும் போயிடுச்சே."

அவர் போனதும் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மாவே காடாம்புலியூர்க்காரர்தான். அவரும் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பியிருந்தார். இது என்ன என்று உங்களுக்குமா தெரியாது என்று கேட்டேன்.

"எங்கம்மா கொட்டை உடைச்சிகினு இருந்தப்ப அவங்க கையும் இப்படித்தாங்க இருக்கும்" என்றார். "ஆனா போன்ல வேற மாதிரி போட்டிருக்காங்களே."



உத்திரத்தன்று மைன்ஸுக்கு முதல் ஷிப்ட் பஸ் வழக்கம்போல் போயிற்று. கதிர் வருமென்று எழுதியவரும் அதில்தான் ஏறிப் போனார். திறந்தவெளிச் சுரங்கத்தில் தலைக்கு மேல் கூரையா இருக்கிறது?

"விடுங்க மாமா, நான் கடைசில வந்துக்கிறேன்" என்றான் மச்சான். என் மனைவியும் தன் பால்குடத்தோடு வரிசையை விட்டு விலகி அவனோடு நின்றுவிட்டாள். நானும் நின்றேன். எங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டே நடந்தார்கள். மேளம் முன்னால் வெகுதூரம் போய்விட்டது. அரோகரா சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, மனசு அவ்வளவு கசந்துகிடந்தது. முருகா, மன்னித்துக்கொள் என்று நடந்தேன்.

கோயிலில் கூட்டம் நெருக்கியது. அண்டாவின் அருகே நின்ற ஆள் வெளியூர்க்காரர், எங்கள் குழுவில் இல்லாதவர்.

"இன்னும் யாருங்க பாக்கி? சீக்கிரம் குடுங்க, தெர போடப் போறாங்க" என்று கை நீட்டினார்.

மச்சான் கமிட்டித் தலைவரைப் பார்த்தான். அவர் கோபுரத்தைப் பார்த்தார். அந்த ஆளே எட்டிக் குடத்தை வாங்கி அண்டாவில் கவிழ்த்துவிட்டு, "கையி என்னப்பா, முந்திரியா? தேங்காண்ண தடவு" என்றார். அவ்வளவுதான். அண்டா உள்ளே போயிற்று. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதான்.

சித்திரை பிறந்ததும் போன் வந்தது. கேட் திறந்தாகிவிட்டது, வேலைக்கு வா என்று. இப்போதும் காரணம் சொல்லவில்லை. விபூதிப் பொட்டலத்தைப் பையில் வைத்துப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, நல்ல செய்தியாயிற்றே என்று குழுவில் போட்டேன்.

மூடியதற்கே பதில் இல்லை, இப்போது ஏன் திடீரென்று திறந்தார்கள், உள்ளே எதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

குழுவை விட்டு விலகிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். தண்ணீர் எப்போது விடுவார்கள் என்பதும் அதில்தான் வருகிறது. வைத்திருக்கிறேன்.