கன்னிவாடிக் குளத்தில் கடல் பெயிண்ட்

1. கெண்டைக் குஞ்சுகள்

காலையில் நான் மீன் பண்ணைக்குள் நுழைந்தபோது சின்னக் குளம் முழுக்கக் கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதந்தன. மேனேஜர் சுந்தரம் முழங்கால் தண்ணீரில் நின்று அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போச்சு பாய். பக்கத்து வயல் கருப்பையா கத்தரிக்கு எண்டிரின் பூச்சிமருந்து அடிச்சிருக்கான். இன்னைக்கே போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன்."

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பேகம்பூர். தூத்துக்குடியில் ஒரு படகுப் பட்டறையில் எட்டு வருஷமாகப் பெயிண்டர். கடலில் கிடக்கும் மரப்படகின் அடியில் கொட்டலசு ஒட்டும். சிப்பி மாதிரி கல்லாக இறுகிப் படகை இழுக்கும். அது ஒட்டாமல் இருக்கத்தான் செம்புப்பொடி கலந்த சிவப்புப் பெயிண்ட் அடிப்போம். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். ஒட்ட வருகிற உயிர் செத்துவிடும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். கன்னிவாடிப் பக்கம் இருந்த இந்தப் பண்ணையின் சின்னப் படகில் பாசி பிடிக்கிறது என்று சுந்தரம் என்னைத் தேடி வந்தார். "தூத்துக்குடியில அடிக்கிறதையே அடிச்சுருங்க பாய்" என்றார். லாரியில் ஒரு டின் வரவழைத்தேன். கரையில் படகைக் கவிழ்த்து இரண்டு கோட் அடித்தேன். முதல் கோட் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடிச் சின்னக் குளத்தில் இறங்கியது. பளபளவென்று படகை மிதக்கவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள்தான் அந்தக் காலை.

கருப்பையா ஓடி வந்தார். பக்கத்து வயல்காரர். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது.

"சார், எண்டிரின் அடிச்சது நெசந்தான். ஆனா என் வயலு உங்க குளத்துக்குக் கீழல்ல கெடக்கு? கீழ இருக்க தண்ணி மேல ஏறுமா?"

"காத்துல வந்திருக்கும்யா."

"காத்து இம்புட்டு நாளும் அடிக்கலையா சார்? நான் போன மாசமும் அடிச்சேனே!"

நான் படகு கழுவிய இடத்தைப் பார்த்தேன். அங்கே கரையோரம் நத்தைகள் கும்பலாகச் செத்துக் கிடந்தன. எதிர்க்கரையில் ஒன்றிரண்டு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. என் பெயிண்ட்தானோ என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் நிச்சயமாகத் தெரியாமல் பேசக்கூடாது என்று நினைத்தேன். பயமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"சார், போலீசுக்கு நாளைக்குப் போங்க. ஒரு நாள் பொறுங்க" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு மண்பானையில் கிணற்றுத் தண்ணீர் எடுத்தேன். பண்ணையின் பெரிய குளத்திலிருந்து உயிர்க்குஞ்சுகள் பத்துப் பத்தாக விட்டேன். ஒரு பானையில் வெறும் பலகைத்துண்டு. இன்னொன்றில் அதே பலகையில் என் பெயிண்ட் அடித்துக் காயவைத்த துண்டு. மறுநாள் மதியம் வெறும் பலகைப் பானையில் பத்தும் நீந்தின. என் பெயிண்ட் பானையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

இரண்டு பானையையும் சுந்தரம் மேஜை மேல் வைத்தேன்.

"கருப்பையா மேல எழுதாதீங்க சார். கொன்னது நான்தான்."

அவர் பானைகளை மாறி மாறிப் பார்த்தார். "எட்டு வருஷம் இதே வேலை பாத்தவருதானே நீங்க?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடனே மதகைத் திறந்து தண்ணீரை விடச் சொன்னார். கருப்பையா மதகின் குறுக்கே நின்றுவிட்டார். "சார், அந்தத் தண்ணி நேரா என் கத்தரிக்குத்தான் வரும். விட்டுறாதீங்க." அவர் சொன்னது நியாயம். குளத்தை அப்படியே வற்றவிட்டோம். கோடையில் அடிச்சேற்றை வெட்டி, கிணறும் வாய்க்காலும் இல்லாத மேட்டில் புதைத்தோம். பெயிண்ட் தூள் மண்ணில் சிந்தாமல் சாக்கு விரித்து அதன்மேல் படகை வைத்து, மரம் தெரியும்வரை நானே சுரண்டினேன். ஆளி விதையில் எடுக்கிற லின்சீட் ஆயில் பூசினேன். நல்ல தண்ணீரில் கொட்டலசே கிடையாது. பாசி பிடித்தால் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் போதும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

2. சாக்கு

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் பட்டறையில் படகு சுரண்டும்போதெல்லாம் கீழே சாக்கு விரித்தேன். மேஸ்திரி சிரித்தார்.

"ஏலே காதரு, கடல் என்ன ஒங்க ஊரு குட்டையால?"

நான் வாதம் பண்ணவில்லை. அவரைப் படகு ஏற்றும் மேடைக்குக் கூட்டிப்போனேன். வருஷக்கணக்கில் எங்கள் சிவப்புத்தூள் விழுந்த கற்கள் மொட்டையாக இருந்தன. கொஞ்ச நேரம் நடந்து தள்ளிப் போனோம். அங்கே கற்களில் சிப்பியும் நண்டும் இடம் இல்லாமல் அப்பியிருந்தன. மேஸ்திரி குனிந்து பார்த்தார். திரும்பி நடந்தார். மறுநாள் பட்டறைக்கு ஒரு கட்டு சாக்கு வந்து இறங்கியது.

ஓய்வு பெறும்வரை நான் செம்புப் பெயிண்ட்தான் அடித்தேன். கடல் படகுக்கு அன்று அதைவிட நல்லது கிடையாது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அன்று கன்னிவாடியில் அந்தப் பெயிண்டில் ஒரு குறையும் இல்லை. கொல்வதற்காகச் செய்தது, கொன்றது. அது எந்தத் தண்ணீரில் இறங்குகிறது, அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது பிரஷ் பிடித்தவன் வேலை.