விசாரிக்க ஆளில்லாத மாப்பிள்ளை

தோட்டத்துச் சங்கச் செயலாளர் மாணிக்கம் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். திருப்பூர் பக்கத்து வீரபாண்டியில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, எனக்கு மலாயாவில் ஒரு சீனப் பெண்ணோடு குடும்பம் இருக்கிறது என்று சொன்னீர்கள். பிறகு ஈப்போவுக்குத் திரும்பி, நம் தோட்டத்து வாசகசாலையில் வைத்து, நான் திருப்பூரில் ஒரு முதலாளிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டேன், பெற்ற தாயை இனி எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்றும் சொன்னீர்கள். இரண்டும் பொய். இங்கே வந்து சேர்ந்த மலாயாத் தமிழர்களும் அங்கே இருப்பவர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள் என்பதால் இதில் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நான் பனியன் மெஷின் பார்க்கும் இன்ஜினியர்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே யாரும் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேச மாட்டார்கள். டவுன் பஸ்ஸில் தவறாக ஏறிவிட்டால் கண்டக்டர், "இது போவாதுங்க கண்ணு, எறங்கிக்குங்க" என்று மாமன் மாதிரிச் சொல்லி நடுவழியில் இறக்கிவிடுவார். வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். உட்கார வைத்தார்கள், மோர் கொடுத்தார்கள், என் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வீடு கிடைத்துவிட்டது என்று மறுநாள் பெட்டியோடு போய் நின்றேன். கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு கிடையாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டதாக வீட்டுக்காரர் வருத்தத்தோடு நினைவுபடுத்தினார். மறுபடியும் மோர் வந்தது. நம் தோட்டத்து லயத்து வீடுகளில் என்றால் 'போடா' என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும்.

ஈப்போவில் நான் பட்டறையில் வேலை பார்த்தபோது மெய் லிங் அங்கே டைப்பிஸ்ட். சனிக்கிழமை வேலை முடிந்ததும் சில சமயம் படத்துக்குப் போவோம், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் சாப்பிடுவோம், அவள் பஸ்ஸில் போவாள், நான் சைக்கிளில் போவேன். அதற்கு அங்கே 'ஜாலான் ஜாலான்' என்று பெயர். சும்மா சுற்றி வருவது. பிடித்திருந்தால் மேலே போகும், இல்லாவிட்டால் நின்றுவிடும். எங்கள் விஷயம் நின்றுவிட்டது. அவள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். நான் கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்கக் கப்பல் ஏறினேன். படித்து முடித்துத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் கம்பெனிக்குப் பனியன் துணியை மெஷினில் ஓட்டிக் கொடுப்பவர் வீரபாண்டி பழனிசாமி. வீட்டை ஒட்டியே ஷெட் போட்டு நாலைந்து மெஷின் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்க்க என்னை அனுப்பினார்கள். அவர் மகள் சரசுவதி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் லீவு. இந்த ஊரில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ள இடமே கிடையாது. பஸ்ஸில் பேசினால் கண்டக்டரே அப்பாவிடம் சொல்லிவிடுவார். ஆனால் ஷெட்டில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்குத் தவிர வேறு யாருக்கும் எதுவும் கேட்காது. ஒரு மெஷின் சத்தம் போதாது, இரண்டு ஓடினால்தான் வாசல்வரை மறைக்கும் என்பதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்தேன். அவள் டீ கொண்டுவந்து வைப்பாள். நான் சோதனைக்கு என்று இரண்டையும் ஓடவிடுவேன். அவள் மலாயாவைப் பற்றிக் கேட்பாள், ரப்பர் மரத்தில் பூ பூக்குமா என்பாள், நான் கத்திப் பதில் சொல்வேன். மெஷின் நின்றால் பேச்சும் நிற்கும். ஒருநாள் அவள் அம்மா வாசலில் நின்றபடியே, "அந்த ரெண்டு மெஷினுக்கும் அப்படி என்னங்க சீக்கு? ஞாயித்துக்கெழமையானா வந்துருது" என்றார். எனக்குக் காது சுட்டது. சரசுவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒளிப்பது அசிங்கம் என்று பட்டது. நேராகப் பழனிசாமியிடம் பெண் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "விசாரிச்சுட்டுச் சொல்றனுங்க" என்றார்.

விசாரிப்பது என்றால் இங்கே சாதாரணம் இல்லை. மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, முடி வெட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்து, அவன் குடிப்பானா, அம்மாவிடம் எப்படி நடந்துகொள்வான் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குள்ளேயே நுழைவார்கள். எனக்கு எந்த ஊரில் போய் விசாரிப்பார்கள்? என் தாத்தா காங்கேயம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். அங்கே போய்க் கேட்டுவந்தார்கள். தாத்தாவின் குடும்பத்தைத் தெரிந்திருந்தது, நல்ல குடும்பம்தான் என்றார்கள். என்னைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை. கடல் தாண்டிப் போய் எந்த டீக்கடையில் உட்காருவது?

அந்த நேரத்தில்தான் தோட்டத்துக் கடைக்குப் பனியன் வாங்க நீங்கள் திருப்பூருக்கு வந்தீர்கள். என் ஊர்க்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, உங்களை வீரபாண்டிக்கு அழைத்துக்கொண்டு போனதே நான்தான். பெரியவர்கள் பேசட்டும் என்று வெளியே வந்து நின்றேன். உங்கள் தங்கை மகளை எனக்குக் கொடுப்பதாக நீங்கள் சொல்லி, என் அம்மா மறுத்ததை மனதில் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஷெட் பூட்டியிருந்தது. பழனிசாமி என்னை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். பச்சைப்பயறுக் கடைசல், நெய், எல்லாம் இருந்தது. "மெஷினெல்லாம் நல்லா ஓடுதுங்க. உங்களுக்கு இனி எதுக்குங்க வீண் அலைச்சல்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்பது உறைத்தது.

காரணத்தை ரஹீம் பாய்தான் சொன்னார். எங்கள் கம்பெனியில் ஃபிட்டர், இந்த ஊர்க்காரர். "ஏனுங்க இன்ஜினியரே, சீமையில ஊட்டுக்காரி இருக்கறாங்களாமா? கலியாணச் சோத்த எனக்குப் போடாம ஏமாத்திப் போட்டீங்களே" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முழுவதையும் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவுது? அங்க போயிச் சொல்லுங்க" என்று அன்று சாயங்காலமே என்னை வீரபாண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பழனிசாமி, அவர் மனைவி, சரசுவதி மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். சீனப் பெண்ணோடு படத்துக்குப் போனது உண்மை, குடும்பம் என்பது பொய். பழனிசாமி, தனியாகவா போனோம், அவள் வீட்டுக்குத் தெரியுமா என்று விசாரித்தார். தெரியும், மழை வருவதற்குள் திரும்பி வரச்சொல்லி அவள் அம்மாதான் அனுப்பிவைப்பார் என்றேன். என் தப்பைவிட அந்த அம்மாவை நினைத்துத்தான் அவர் அதிகம் ஆடிப்போனார். இந்த ஊரில் ஒருவனும் ஒருத்தியும் சேர்ந்து படம் பார்த்தால் அது கல்யாணம் முடிந்த கணக்கு. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அப்போது சரசுவதி கேட்டாள். "டிக்கெட்டு யாரு எடுத்ததுங்க?"

"அவங்கவங்க காசுலதான்."

"ஏனுங்கப்பா, கட்டுனவளா இருந்தா அவளுக்கும் சேத்து இவருதானுங்களே எடுத்திருக்கோணும்."

அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பழனிசாமி சிரிக்கவில்லை. சீனப் பெண்ணைப் பற்றிய பேச்சை அவர் அத்தோடு விட்டுவிட்டார். அவர் பயம் வேறு.

"எம்புள்ளைய அந்தச் சீமைக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

"எங்கம்மாவைப் பாக்கக் கூட்டிட்டுப் போவேங்க. திரும்பக் கூட்டிட்டு வருவேன்."

"வரலீன்னா?"

வாய்க்கு வந்த உறுதியை அந்த இடத்தில் எவனும் கொடுத்துவிடுவான். எனக்கு வரவில்லை. "எங்க தாத்தாவும் திரும்பி வருவேன்னு சொல்லிட்டுத்தான் போனாருங்க. வரல. அதனால சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன். முடிந்தது, மோர் கொடுத்து அனுப்பப்போகிறார்கள் என்று செருப்பைத் தேடினேன்.

சரசுவதிதான் பேசினாள். "நான் போயிப் பாத்துட்டு வர்றனுங்கப்பா. புடிக்கலீன்னா நானே கப்பலேறி வந்துருவேன். எஞ் சம்பளம் இருக்குதுங்கல்ல."

பழனிசாமி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவளக் கட்டிட்டு நீங்கதான் பாவமுங்க" என்றார். இந்த ஊரில் அதுதான் சம்மதம் என்பது இந்த முறை எனக்கே புரிந்தது. பட்டறையில் ஒருமுறை தலைக்கு மேல் தொங்கிய இரும்புத் துண்டு சங்கிலி அறுந்து ஓர் அடி தள்ளி விழுந்தது. அன்றைக்கு விட்ட மூச்சுக்குப் பிறகு அப்படி ஒரு மூச்சை இப்போதுதான் விட்டேன்.

தை மாதம் கல்யாணம். இப்போது எனக்குக் கிடைத்திருக்கும் நிம்மதியை நீங்கள் கெடுக்க முடியாது. ஆனால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. நான் எழுதிய கடிதங்களை விட்டுவிட்டு, நீங்கள் அங்கே சொன்ன இரண்டாவது பொய்யை நம்பி, நான் ஊரான் வீட்டுப் பிள்ளையாகிவிட்டேன் என்று என் அம்மா கப்பல் ஏற மாட்டேன் என்று கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாக யார் உட்காருவது என்று இங்கே பேச்சு வந்தது. ரஹீம் பாயும் கம்பெனி ஆட்களும் தாங்கள் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரன் நான், ஆனால் இந்த மண்ணிலேயே என் பக்கத்து ஆள் என்று காட்ட ஒருவர் கடல் தாண்டி வர வேண்டியிருக்கிறது. இங்கே நான் மலாயாக்காரன், அங்கே நான் திருப்பூர்க்காரன். அந்த வெற்றிடத்தில் என் அம்மா வந்து உட்கார்ந்தால்தான் நான் யாரோ ஒருவருடைய பிள்ளை என்பது இரண்டு ஊருக்கும் தெரியும்.

ஆகவே மாணிக்கம் அவர்களே, எனக்குத் தனியாக எதுவும் சொல்லியனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, தோட்டத்து வாசகசாலையில் என் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிற மாதிரி, கப்பல் புறப்படுவதற்குள் எழுதுங்கள். நீங்கள் சொன்னது உண்மையா, பொய்யா?