நான்காம் வீட்டுக்கு வரும் சைக்கிள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கான சைக்கிளை யாரும் கடையில் போய் வாங்கியதில்லை. அது மேலேயிருந்து இறங்கி வரும். உச்சியில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா. துரையின் பிள்ளைகள் வளர்ந்து ஒரு சைக்கிள் அவர்களுக்குச் சின்னதாகிவிட்டால், பங்களா சமையல்காரர் தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். டீமேக்கர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டித் தீர்த்ததும் அது பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வீட்டுக்கு. கடைசியில், பள்ளிக்கூடத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்களுக்குக் கீழே தொழிலாளர்கள் இருக்கும் லயங்கள்தான். லயத்துக்குச் சைக்கிள் போனதை நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வீடும் தான் கொடுத்த விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு விற்கும். பேரம் கிடையாது. வேண்டாம் என்று சொல்வதும் கிடையாது. ஒருமுறை மறுத்தால் அடுத்த முறை நமக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள் என்ற பயம். அதனால் பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்த்து நாங்கள் எதையும் வாங்கியதில்லை. எங்கள் முறை விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே வாங்கினோம்.

பிள்ளை வளரும், சைக்கிள் வளராது. மூன்று சக்கர சைக்கிள் எங்கள் வாசலுக்கு வந்தபோது என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். இரண்டு சக்கரத்தில் சின்னது ஒன்று வந்தபோது, முழங்காலை இரண்டு பக்கமும் விரித்துத்தான் அவளால் மிதிக்க முடிந்தது. டீமேக்கரின் இளைய மகன் "தவளை, தவளை" என்று பின்னாலேயே ஓடினான். மகளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சைக்கிள் அவன் வயதுக்குச் சரியாக இருந்தபோது அவன் ஓட்டியது. என் பிள்ளைக்குச் சரியாக எதுவும் வந்ததில்லை.

டீமேக்கர் வீட்டு அக்காவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பெரிய குரல், பெரிய கைகள், பங்களாவிலிருந்து வாங்கிய பூப்போட்ட ஜன்னல் சீலை, இரண்டு மகன்களுக்கும் தேயாத முழங்கையோடு கம்பளிச் சட்டை. இத்தனைக்கும் அவர் ஒருநாளும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துரையின் மகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்பினார்கள். அவள் ஓட்டிய பச்சை நிற லேடீஸ் சைக்கிள் டீமேக்கர் வீட்டுக்கு வந்தது. வீட்டில் இருப்பதோ இரண்டு ஆண் பிள்ளைகள். ஆனாலும் முதல் முறை அவர்களுடையது. அந்த வருஷம்தான் என் மகள் தலவாக்கலை டவுன் ஸ்கூலில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. பஸ் நிறைந்து வந்து நிற்காமல் போய்விடும். நடந்தே போய், நடந்தே வருவாள். வரும்போது இருட்டியிருக்கும், காலில் அட்டை கடித்த இடத்தில் காலுறையோடு இரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கும். மேலே ஸ்டோர் வாசலில் இரண்டு பையன்கள் அந்தப் பச்சைச் சைக்கிளுக்காக அடித்துக்கொண்டிருப்பார்கள். தேயிலை ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம்.

வருஷக் கடைசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர் சொன்னார்:

"தை பொறக்கட்டும், ஸ்கூலை நிறுத்திக்கலாம். பொம்பளைப் புள்ளை இப்படி இருட்டுல வரவேணாம். நானே வீட்டுல சொல்லிக்குடுக்கிறேன்."

"நீங்களா? பேப்பரை விரிச்ச உடனே குறட்டை விடுறீங்க."

"அப்ப வேற என்ன செய்யச் சொல்றே? சைக்கிள் ஒண்ணு இருந்தா வேற கதை."

அவர் அதைப் போகிறபோக்கில் சொன்னார். எனக்கு அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. நான் சீனியர் பரீட்சை வரைக்கும் படித்தவள். படித்து எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. ஆனால் ஆறாம் வகுப்போடு என் மகளை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே மேலே ஏறிப் போனேன்.

"வாங்க டீச்சர்! என்ன, இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கீங்க?" நான் டீச்சர் இல்லை. வாத்தியார் மனைவி என்பதால் அக்கா எனக்கு வைத்த பெயர் அது.

"அந்தப் பச்சை சைக்கிள் அக்கா... தம்பிமார் இப்ப ஓட்டுறதில்ல போல."

"ஓட்டுறானுங்க, ஓட்டுறானுங்க. பொம்பளை சைக்கிள்னு மத்த பயலுக கேலி பண்றானுங்களாம். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே ஓட்டுறானுங்க."

"எங்க பாப்பாவுக்கு ஸ்கூலுக்குப் போக..."

"உங்களுக்கு வராம எங்க போகப்போகுது? கிளாக்கர் வீடு, கண்டாக்கு வீடு, அப்புறம் நீங்கதானே."

"அதுக்குள்ள அவ வளந்துருவா அக்கா."

"அதுக்கு நான் என்ன டீச்சர் செய்ய? கொஞ்சம் மெதுவா வளரச் சொல்லுங்க!" தன் பேச்சுக்குத் தானே உடம்பு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். தேத்தண்ணி வந்தது. அதைக் குடித்து முடிக்கும்போது குரலைத் தணித்துச் சொன்னார்: "விக்க முடியாது. முறை தப்பி வித்தா கிளாக்கரம்மா எங்க வாசப்படி மிதிக்க மாட்டாங்க. இரவல் குடுத்தா யாரு என்ன கேக்கப் போறா? காலையில பாப்பாவ அனுப்புங்க. ஓட்டவும் நானே பழக்கி விடுறேன்."

நான் கேட்டதைவிட நல்லதாகவே கிடைத்தது. இறங்கி வரும்போது ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

ஸ்டோருக்கு முன்னால் கொஞ்சம் சமதரை உண்டு. லீவு நாட்களில் அங்கேதான் பழக்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தபடி அந்தப் பெரிய உடம்போடு ஓடுவார். ஸ்டோர் ஆட்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். அவருக்கு வெட்கமே இல்லை. "நேரா பாருடி! சக்கரத்தைப் பாக்காதே, ரோட்டைப் பாரு!" என்ற கத்தல் எங்கள் குசினி அடுப்பு வரைக்கும் கேட்கும். ஒருநாள் நானும் போய் நின்றேன். "மெதுவா, மெதுவா" என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் பிள்ளை தடுமாறினாள். "அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்களேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் வாயைத் திறந்ததிலிருந்து பெரியம்மாதான்; அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பெரியம்மா இப்படிச் சொன்னாங்க, பெரியம்மா அப்படிச் சிரிச்சாங்க, பெரியம்மா வீட்டு ரொட்டியில தேங்காய் நிறைய. நான் அன்று சுட்ட ரொட்டியை அவள் ஓரத்தைக் கிள்ளிவிட்டு வைத்தாள். சைக்கிளுக்காகப் பொறாமைப்பட்ட காலம் போய், என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்காகவே நான் பொறாமைப்படும் காலம் வந்தது.

சொந்தச் சைக்கிள் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தேன். பொங்கலுக்குத் துணி எடுக்க வைத்திருந்ததோடு, தெரிந்த இடத்தில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனோம். பஸாரில் பழைய சைக்கிள் விற்கும் சிங்கள பாஸ் ஒருவர் இருந்தார்; கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்போம். கடையில் அளவானது ஒன்றும் இருந்தது, ஆம்பிளைகள் ஓட்டும் பெரியது ஒன்றும் இருந்தது. என் வீட்டுக்காரர் சின்னதைத் தொட்டுப் பார்த்தார். நான் பெரியதைக் காட்டினேன். எத்தனை வருஷம் சின்னதிலேயே முழங்காலை மடக்கியிருப்பாள்! ஒரு தடவையாவது அவளைவிடப் பெரியதாக, யாரும் அவளுக்கு முன்னால் முறை சொல்ல முடியாததாக, வருஷக்கணக்கில் வருவதாக ஒன்று இருக்கட்டும்.

"புள்ள வளரும்தானே நோனா," என்று பாஸ் என் பக்கம் சேர்ந்துகொண்டார். பெடல் எட்டாததற்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பஸார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தது. பஸார் ரோடு சமம். ஊரே மலையாக இருக்கும்போது சமமான இடத்தில் பிரேக் பார்த்து வாங்கியவர்கள் நாங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெய்த மழை விட்டிருந்தது. மகள் வாசலிலேயே ஏறி இறங்கிப் பழகினாள். ஏறிவிட்டால் கால் தரையில் படாது. சுவரோரமாகச் சாய்த்துத்தான் இறங்க வேண்டும். எனக்குப் பார்க்கப் பார்க்கப் போதவில்லை. "மேலே தள்ளிக்கிட்டுப் போய்ப் பெரியம்மாகிட்ட காட்டிட்டு வா," என்றேன். அக்கா பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு. நான் சொல்லித்தான் அவள் போனாள்.

போனவள் திரும்பும்போது தள்ளிக்கொண்டு வரவில்லை, ஏறி வந்தாள். ஸ்டோரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. கீழ்ப்பக்கம் பள்ளம், அடியில் ஆறு. நான் வாசலில் நின்றபடியே அவள் வளைவுக்கு வருவதைப் பார்த்தேன். வேகம் கூடிக்கொண்டே வந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்பது அவள் தோள் தூக்கியிருந்ததில் தெரிந்தது. சக்கரம் நிற்கவில்லை. கால் ஊன்ற முடியாது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. பிறகு சைக்கிள் மேல்பக்கம் திரும்பித் தேயிலைக்குள் பாய்ந்தது. பிள்ளை காணாமல் போனாள்.

ஏறி ஓடினேன். எனக்கு அது ஏற்றம். அக்காவுக்கு இறக்கம். அவர் எனக்கு முன்னால் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் அவர் மடியில் கிடந்தாள். முகமெல்லாம் தேயிலைக் குச்சி கீறிய கோடு, ஒரு கை வேறு மாதிரித் தொங்கியது.

"ஒண்ணுமில்ல டீச்சர், உயிரு இருக்கு, தோள்தான் போல," என்றார் அக்கா. அவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு மகளின் நெற்றியில் முத்தமிட்டார். "கெட்டிக்காரி. சொன்ன மாதிரியே மேப்பக்கம் விட்டுட்டா!"

"என்ன சொன்னீங்க?"

"பிரேக் புடிக்கலன்னா மேப்பக்கத் தேயிலைக்குள்ள விட்டுரு, பணியப் பக்கம் பள்ளத்துல மட்டும் விட்டுறாதேன்னு. எங்க பயலுக எத்தனை தடவ விழுந்திருப்பானுங்க."

நெருக்கமாக வளர்ந்த செடிகள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தன. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது மெதுவாகப் போ என்பது மட்டும்தான். மெதுவாகப் போக முடியாதபோது என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. மகளை என் மடிக்கு வாங்கக் கையை நீட்டினேன். தோள் வலிக்கும் என்று அக்கா அசையாமல் இருந்தார். அவர் செய்தது சரி. பிள்ளை பிழைத்துக் கிடக்கும் அந்த இடத்திலும் அவளை அந்த மடியிலிருந்து பிடுங்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு சேர்ந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் சேரவில்லை. ரோட்டில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

கட்டு அவிழ்த்த வாரம் ஸ்கூல் தொடங்க இருந்தது. "நான் முதல்லயே சொன்னேன், நிறுத்திரலாம்," என்றார் என் வீட்டுக்காரர். பயத்தில் நானும் சரி என்று சொல்லும் நிலைதான். மகள் செருப்பை மாட்டினாள்.

"எங்க போறே?"

"பெரியம்மா வீட்டுக்கு."

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் கண்ணில் தெரிந்தது. ஸ்கூலை நிறுத்தினால் இவள் என் வீட்டில் இருக்கப்போவதில்லை. காலையில் மேலே ஏறுவாள், விளக்கு வைக்கும்போது இறங்குவாள். ரொட்டி தின்னவும், சிரிக்கவும், பெரிய மனுஷியாகும்போது முதல் வார்த்தை சொல்லவும் அந்த வீடுதான்.

"போகட்டுங்க," என்றேன் அவரிடம்.

"எங்க? மேலயா?"

"ஸ்கூலுக்கு."

அவர் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பாஸிடம் கொண்டுபோய்ப் பிரேக் கட்டைகளை மாற்றினோம். இந்தத் தடவை மலை ரோட்டில் இறக்கிப் பார்த்துத்தான் வாங்கினோம். தோட்டத்து ரோட்டில் ஏறக் கூடாது, மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போக வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தினமும் வாசலில் நின்று பார்ப்பேன். அவளும் தள்ளிக்கொண்டுதான் போகிறாள். பள்ளிக்கூடத்துக் கூரையைத் தாண்டியதும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு தள்ளுகிறாளா, ஏறிவிடுகிறாளா, வேகமாகப் போகிறாளா எதுவும் தெரியாது.

மேலே டீமேக்கர் வீட்டு ஜன்னலில் நின்றால் மெயின் ரோடு திரும்பும் இடம் வரைக்கும் தெரியுமாம். "தினமும் பாக்குறேன் டீச்சர், ராணி மாதிரி போறா. நீங்களும் வந்து பாருங்களேன்," என்று அக்கா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

நான் இன்னும் போகவில்லை.